தனிக்குவளையும் தனித்திட்டமும்

(இரவுப் பாடசாலைத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, சிறப்புக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கான தனிக் கல்வித் திட்டம். காலையில் டீ குடிக்கிற இடத்தில் ஒரு தோழர் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்கிட்ட வந்தார். "அக்கா, தனின்னு போட்டாலே நமக்கு ஒரு மாதிரியா இருக்குது. தனிக்குவளை, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு. இப்ப தனிப் பாடத்திட்டமா?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். ஆனால் சிரிப்புக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. எழுதிக்கொண்டு வந்ததை ஓரமா வச்சிட்டு, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் தன்னுடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. ஒரு சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய் வகுப்பு மூலையில் போட்டு உட்கார வேண்டும். சாயந்திரம் அதைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துவர வேண்டும், ஏனென்றால் பள்ளியைக் கூட்டுகிற ஆள் அந்தச் சாக்கைத் தொட மாட்டான். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். அது ஒரு தனி. அதே அம்பேத்கர்தான் 1930இல் ரெட்டைமலை சீனிவாசனோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார், தனி வாக்காளர் தொகுதிக்காக வாதாடினார். அதுவும் தனிதான். சாக்குத் துணியை அவர் மேல் சுமத்தினார்கள். தொகுதியை அவர் கேட்டார். அதனால 'தனி' என்கிற வார்த்தையைக் கண்டே நாம் ஓட வேண்டியதில்லை. அதைக் கேட்டது யார், அது ஆளை எங்கே கொண்டுபோய் விடுது, இந்த ரெண்டையும் பார்க்கணும். இன்றைக்கு நான் பேசப்போவது இதை வைத்துத்தான்.

நான் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். தொகுப்பூதியம். இருபதுக்கு மேலே பள்ளிக்கூடம் என் பொறுப்பில். கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், எல்லாமே நான்தான். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித்தர வேண்டும், அதுவும் நான்தான். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அடுத்து நான் சொல்லப்போவது என் மேல் இருக்கிற ஒரு புகார். அது எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று தெரியணும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத் தொடக்கத்தில் நாங்கள் ஒரு படிவம் எழுதவேண்டும். ஆபீஸில் ஐ.இ.பி. என்பார்கள். தமிழில் தனிநபர் கல்வித் திட்டம். பிள்ளை இப்போது என்ன செய்கிறாள், இந்த வருடம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், மூன்று மாதத்தில் எவ்வளவு, யார் சொல்லித்தருவது, எப்போது சோதிப்பது என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் முன்தொழில் பயிற்சி என்று ஒரு கட்டம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலைக் கடைசி. மறுநாள் படிவங்களை மேலே அனுப்பியாக வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ளவள். பேர் வேண்டாம். அவளுடைய அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலையில் அஞ்சு மணிக்குத் தெருவில் இறங்கினால் மதியம்தான் வீடு. கையெழுத்துக்காக அந்த அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார். நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இரு, படிக்கிறேன்" என்றார். அஞ்சாவது வரைக்கும் படித்தவர். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே போனார். எனக்கு நேரம் ஆகிறதே என்று இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்து, "பெ... ருக்... குதல்" என்று வாய்விட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பெருக்கக் கத்துக்குடுக்கவா நீ ரெண்டு பஸ்ஸு மாறி வர்ற? அது எங்க தெருவுல பொறக்கும்போதே வந்துடுமே" என்றார்.

நான் விளக்கம் சொன்னேன். அன்றாடத் திறன் அக்கா, கை கண் ஒத்துழைப்பு வரும் அக்கா, எல்லாப் பிள்ளைக்கும் போடறதுதான் அக்கா. அவர் அமைதியாகக் கேட்டார். "அந்தப் பெரிய தெரு மளிகைக் கடைக்காரர் பையனுக்கும் இதான் போட்டிருக்கியா?"

அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. பையில் இருந்த ஃபைலைப் பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். அவனுக்கு நான் எழுதியிருந்தது, கணினி விசைப்பலகைப் பழக்கம், கடையில் பொருளை எண்ணி எடுத்துக் கொடுத்தல். என் கையெழுத்துதான். யாரும் என்னை மிரட்டி எழுதச் சொல்லவில்லை. நானும் காலனியில் பிறந்தவள். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். கிளம்பும்போது, "நீயும் நம்ம புள்ளன்னு சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்துப் போடவில்லை.

தோழர்களே, 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் வீட்டுக்குப் போய் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது போனது. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தை, பரம்பரைத் தொழிலைச் சாதியோடு கட்டிப்போடுகிறது என்று தமிழ்நாடு அரசு 2024இல் ஏற்க மறுத்தது. நாமும் கை தட்டினோம். கோட்டைக்குள் வரும்போது குலக்கல்வியைக் கண்டுபிடித்துவிடுகிறோம். நான் எழுதின படிவத்தின் கடைசிக் கட்டத்துக்குள் வந்ததை ஒரு தூய்மைப் பணியாளர் விரல் வைத்துப் படித்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

பெருக்குவது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. தன் வீட்டைத் தான் பெருக்க எல்லாப் பிள்ளையும் கற்கட்டும், மளிகைக் கடைக்காரர் மகனும் கற்கட்டும். ஒரு பிள்ளையின் எதிர்காலம் என்கிற கட்டத்தில் அவள் அம்மாவின் துடைப்பத்தை எழுதி வைப்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் இந்தத் தனித் திட்டமே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே புத்தகம், அதுதானே சமத்துவம் என்று ஒரு மாணவத் தோழர் கேட்கலாம். நானும் ஆரம்பத்தில் அப்படி நினைத்தவள்தான். ஒரே பாடம் என்றால் நடைமுறையில் என்ன என்பதைக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அந்தப் பெண் பிள்ளை ஏழு வருடம் பள்ளிக்கு வந்திருக்கிறாள். வருகைப் பதிவு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தேர்ச்சி. இலவசப் புத்தகம், சீருடை, சத்துணவு எல்லாம் கிடைத்தது. ஏழு வருடத்தில் அவள் கற்றது, கரும்பலகையில் இருப்பதைப் படம் மாதிரிப் பார்த்து நோட்டில் வரைவது. எழுதியதில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் தெரியாது. நோட்டு முழுவதும் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறது. அவளை யாரும் வெளியே தள்ளவில்லை. உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

இன்னொரு பையன், மூன்றாம் வகுப்பு. வகுப்பாசிரியர் என்னைக் கண்டதும், "மேடம், இவன் எம்.ஆர். கேஸ், லிஸ்ட்ல சேத்துக்குங்க" என்றார். மண்டு, மக்கு, மர மண்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது இங்கிலீஷில் சொல்கிறார்கள். நான் அந்தப் பையனுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்துப் பையன் தோளைத் தட்டினதும் திரும்பினான். கிட்டே போனால் காதில் சீழ் நாற்றம். ரெண்டு வயதிலிருந்து காது ஒழுகுது, எண்ணெய் காய்ச்சி ஊத்துறேன் என்றார் அவன் பாட்டி. அரசு மருத்துவமனையில் காட்டினால் ரெண்டு காதிலும் செவிப்பறையில் ஓட்டை. பாதிக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. இதற்கு முந்தைய வருடம் முகாமில் அவனுக்கு அறிவுத்திறன் சோதனை வேறு செய்திருந்தார்கள். கேள்வியே காதில் விழாதவன் என்ன மார்க் வாங்குவான்? அதைத்தான் வாங்கியிருந்தான்.

அவனுக்கு நான் எழுதிய திட்டம் ஒரு பக்கம்கூட இல்லை. முதல் வரிசையில், ஆசிரியர் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. முக்கியமான சொல்லை எழுதிக்காட்டிவிட்டுப் பேச வேண்டும். காதுக்குச் சிகிச்சை, அப்புறம் காதொலிக் கருவி. அதோடு, விட்டுப்போன ரெண்டு வருட எழுத்தை முதலிலிருந்து தினம் அரைமணி நேரம். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறி மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்கிறான். கருவிக்கு பேட்டரி வாங்குவதுதான் பெரிய போராட்டமாக இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காடு. இந்த வித்தியாசம் ரத்தத்திலிருந்து வருவதில்லை. கர்ப்பத்தில் சாப்பாடு இல்லாததும், பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரத் தாமதமானதும், ஒழுகுகிற காதை யாரும் பார்க்காததும் சேர்ந்து வருவது. ஆனால் முகாமில் முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்பதுதான். குற்றவாளி பெற்ற தாய்தான் என்று அங்கேயே தீர்ப்பாகிவிடுகிறது.

இதிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. எழுத்துக்கள் குழம்பிப்போகிற டிஸ்லெக்சியா என்பது 2007இல் 'தாரே ஜமீன் பர்' படம் வந்தபிறகு எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. அந்தப் படத்துப் பையன் வசதியான வீட்டுப் பையன். அந்த மாதிரி வீட்டில் பிள்ளை படிக்கத் தடுமாறினால் டாக்டர், சோதனை, சான்று, தேர்வில் கூடுதல் நேரம் என்று ஒரு பாதை இருக்கிறது. நம் தெருப் பிள்ளை அதே மாதிரித் தடுமாறினால், "முதல் தலைமுறை, வீட்ல சொல்லித்தர ஆளில்ல, அவங்க அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். இதை நல்ல மனதோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், நம் தோழர்களில்கூட. சமூகக் காரணம் என்று நாம் சொல்கிற ஒரு சரியான விஷயமே அந்த ஒரு பிள்ளைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. காது கேட்காதவனை மந்தம் என்று எழுதுவதும், உண்மையிலேயே உதவி வேண்டியவளைச் சாதி என்று சொல்லி விட்டுவிடுவதும் ஒரே வகுப்பறையில்தான் நடக்கின்றன.

இந்தச் சிக்கலில் முதலில் மாட்டியவர்கள் நாம் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் நமக்கு முன்னால் இதில் அடிபட்டிருக்கிறார்கள். வெள்ளையர் பள்ளி, கறுப்பர் பள்ளி என்று பிரிப்பது செல்லாது என்று 1954இல் பிரவுன் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான், உடல் மனக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். வாஷிங்டன் நகரில் 1972இல் தீர்ப்பான மில்ஸ் வழக்கில் பெயர் சொல்லி வழக்குப் போட்ட ஏழு பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகள். அடங்க மாட்டான், மூளை வளர்ச்சி போதாது, வலிப்பு வருது என்று சொல்லிப் பள்ளி அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. பணம் இல்லை என்றது நிர்வாகம். இருக்கிற பணத்தைப் பங்கிடும்போது இந்தப் பிள்ளைகளை மட்டும் விட்டுவிட முடியாது என்றது நீதிமன்றம். 1975இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் ஒரு தனித் திட்டம், அதை எழுதும் மேசையில் பெற்றோருக்கு நாற்காலி, ஒப்பவில்லை என்றால் முறையிட வழி. நான் எழுதிக்கொண்டிருக்கும் ஐ.இ.பி. என்கிற படிவத்தின் பூர்வீகம் அதுதான். பிரிவினைக்கு எதிரான போராட்டத்தின் வயிற்றில் பிறந்த காகிதம் அது. ஆபீஸில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது இதை யாரும் சொல்லவில்லை. கட்டத்தை எப்படி நிரப்புவது என்றுதான் சொன்னார்கள்.

அதே அமெரிக்காவில் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கலிபோர்னியாவில் மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் அளவுக்கு மீறி இருந்தார்கள். அறிவுத்திறன் சோதனை மார்க்கை வைத்து அனுப்பியிருந்தார்கள். 1971இல் சான்பிரான்சிஸ்கோப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் கேட்டுச் சோதித்தபோது, அந்த வகுப்புக்கு அனுப்பும் வரம்புக்கு மேலே மார்க் வந்தது. 1979இல் நீதிபதி பெக்காம், அந்த வகுப்புக்கு அனுப்ப அறிவுத்திறன் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இதே கதைதான். பெர்னார்ட் கோர்ட் என்கிற கிரெனடாக்காரர் 1971இல் ஒரு சிறு நூல் எழுதி அதை அம்பலப்படுத்தினார்.

இவ்வளவுக்கும் அந்தச் சோதனையை முதலில் செய்த ஆல்ஃபிரட் பினே, 1905இல் பாரிஸில், எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார். அறிவு என்பது மாறாத அளவு என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. அது அமெரிக்கா போனதும் பிறப்பால் உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்று அளக்கிற கோலாக ஆனது. பிறப்பால் அளப்பது நமக்குப் புதிதா என்ன.

நமக்கு இன்னும் நெருக்கமானது செக் நாட்டு ரோமா மக்களின் வழக்கு. ரோமா என்பவர்கள் ஐரோப்பாவில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் போனவர்களின் வழியினர். ஆஸ்த்ராவா நகரில் அவர்களுடைய பிள்ளைகளைச் சோதனை என்று சொல்லி, அறிவுக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 18 பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில், இது பாகுபாடு என்று தீர்ப்பு வழங்கியது. அரசுத் தரப்பு என்ன சொல்லித் தப்பிக்கப் பார்த்தது தெரியுமா? பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றது. என்ன நடக்கிறது என்றே விளக்காமல் வாங்கிய சம்மதம் அது, பாகுபாடு காட்டச் சொல்லி யாரும் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மா ஞாபகம்தான் வந்தது. நான் பேனாவை நீட்டினேனே, வாங்கியிருந்தால் நானும் பெற்றோர் சம்மதம் என்று எழுதி மேலே அனுப்பியிருப்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 1986இல் அந்தத் தடையை விரிவாக்கி, கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சிறப்புக் கல்விக்காக அந்தச் சோதனையே கூடாது என்றார்கள். சில வருடத்தில் கறுப்பினப் பெற்றோர் சிலரே நீதிமன்றம் வந்தார்கள். எங்கள் பிள்ளைக்கு என்ன சிரமம் என்று தெரிந்துகொள்ள அந்தச் சோதனை எங்களுக்கு வேண்டும், நாங்கள் கேட்கிறோம், ஏன் தடுக்கிறீர்கள் என்றார்கள். 1992இல் அதே பெக்காம் அந்த விரிவாக்கத்தை நீக்கினார். கேட்கிறவன் யார் என்று நான் முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடு, இதில் 21 வகை. பிரிவு 16ஐயும் 17ஐயும் தோழர்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தேவையான தனிப்பட்ட உதவி, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிதல், முன்னேற்றத்தைக் கண்காணித்தல், பாடத்திட்டத்திலும் தேர்விலும் மாற்றம், கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இதெல்லாம் அங்கே இருக்கிறது. ஆபீஸில், 40 விழுக்காடு சான்று இருந்தால்தான் எதுவும் கிடைக்கும் என்று திருப்பி அனுப்புவார்கள். பல உதவித்தொகைக்கு அது உண்மை. ஆனால் இந்த ரெண்டு பிரிவிலும் 40 என்கிற நிபந்தனை கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் தலைமையாசிரியர் அறையில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

இல்லாததையும் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டம் மாதிரி, பெற்றோரை உட்கார வைத்துத்தான் திட்டம் எழுத வேண்டும், அதை மீறினால் இன்ன இடத்தில் முறையிடு என்று நம் சட்டம் வரையறுக்கவில்லை. அதனால் படிவம் இருக்கிறது, பிள்ளை இல்லை. உச்ச நீதிமன்றம் 2021இல், தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவை உள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சொன்னது. என் பள்ளிக் கணக்கை முதலிலேயே சொன்னேன். ஒப்பந்தத்தில் ஆளை வைத்து, ஊர் ஊராக ஓடவிட்டு, ஒரே இரவில் இத்தனை பேருக்குத் திட்டம் எழுது என்றால் பேரை மட்டும் மாற்றி நகல் எடுப்பதுதான் நடக்கும். நான் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது. நகல் எடுத்தபோதுகூட எதை யாருக்கு நகல் எடுத்தேன் என்பதுதான் கேள்வி.

அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன். இந்தத் தடவை சாயந்திரம் ஆறரை மணிக்கு, அவர் வீட்டுக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெற்றோர் கூட்டத்துக்கு அவங்க வர்றதே இல்ல என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? படிவத்தைத் தரையில் வைத்தேன். எதுவும் எழுதாத படிவம். "உங்க பொண்ணு என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க அக்கா?" என்று கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன். "ஆசையா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "நான் இல்லாதப்ப எவனும் அவளை ஏமாத்தக் கூடாது. பஸ்ஸு ஏறத் தெரியணும். காசு எண்ணத் தெரியணும். கிளாஸ்ல மத்த புள்ளைங்களோட ஒக்காரணும், சும்மா ஒக்காரக் கூடாது." பிள்ளையிடமும் கேட்டோம். அவள் பானு மிஸ் மாதிரி சாக்பீஸில் எழுதணும் என்றாள். (மிஸ்ஸின் பேரை மாற்றியிருக்கிறேன்.)

இதைத் திட்டமாக எழுதுவது எப்படி என்று பார்க்கலாம், நீங்களும் உங்கள் பாடசாலையில் எழுதப்போகிறவர்கள். 'காசு பற்றி அறிவாள்' என்று எழுதினால் அது ஒன்றுமில்லை, யாரும் சோதிக்க முடியாது. இப்போது என்ன தெரியும் என்று முதலில் பார்க்க வேண்டும். அவளுக்கு 10 ரூபாய் நோட்டையும் 20 ரூபாய் நோட்டையும் நிறத்தை வைத்துத் தெரியும், கூட்டத் தெரியாது. எனவே மூன்று மாத இலக்கு: கடையில் 50 ரூபாய்க்குள் ஒரு பொருளை வாங்க, சரியான நோட்டுகளை எண்ணிக் கொடுப்பாள், நாலு தடவையில் மூன்று தடவை, யாரும் சொல்லித்தராமல். பஸ்ஸுக்கு: ஊருக்கு வரும் ரெண்டு பஸ்ஸின் எண்ணையும் பலகையில் பார்த்துச் சொல்வாள். இதை வகுப்பறையில் அட்டையில் கற்றுக்கொடுத்தால் போதாது. பஸ் நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும். நின்றோம்.

அம்மா சொன்ன கடைசி வாக்கியம்தான் கஷ்டமானது, சும்மா ஒக்காரக் கூடாது என்றது. எட்டாம் வகுப்பு வரலாற்றில் வேலூர்க் கலகப் பாடம் நடக்கிறது. மற்ற பிள்ளைகள் காரணங்களை ஒரு பக்கம் எழுதுவார்கள். அவளுக்கும் வேலூர்தான், வேறு பாடம் இல்லை. 1806 என்கிற எண்ணைக் கரும்பலகையில் அவள்தான் எழுத வேண்டும். கோட்டை, சிப்பாய், தலைப்பாகை என்று மூன்று படங்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் வாயால் சொல்ல வேண்டும். 'தலைப்பாகையை மாத்தச் சொன்னாங்க, அவங்க கோவப்பட்டாங்க' என்று சொன்னாள். அந்தப் பாடத்தின் நடுத்தண்டு அதுதானே. வரலாற்று ஆசிரியர் முதலில் முனகினார், எனக்கு நாற்பது பிள்ளை இருக்கு மேடம் என்றார். நியாயம்தான். பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகள் அவளுக்குப் படம் வெட்டிக் கொடுப்பது என்று முடிவானது. அந்த ரெண்டு பேரில் ஒருத்தி பெரிய தெருப் பிள்ளை. அவள் வீட்டில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் போல, ஒரு வாரம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு தானாகவே வந்தாள். அவள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

முன்தொழில் கட்டத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அவளுக்குப் பதினெட்டு ஆவட்டும், அப்ப அவளக் கேட்டு எழுதலாம்" என்றார். கோடு போட்ட படிவத்தை மேலே அனுப்பினேன். காலியாக விடக் கூடாது என்று திரும்பி வந்தது. 'தாயின் முடிவு' என்று எழுதி மறுபடியும் அனுப்பினேன். அதற்கப்புறம் திரும்பி வரவில்லை. ஒருவேளை யாரும் படிக்கவில்லையோ என்னமோ.

அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். பஸ்ஸில் தனியாக ஒரு தடவை போய் வந்தாள், நான் பின்னாலேயே வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தேன், அவளுக்குத் தெரியாது. 50 ரூபாய்க்கு மேலே இன்னும் தடுமாறுகிறாள். அந்த அம்மா படிவத்தின் நகலை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மூன்று மாதமும் எடுத்து, "இது ஆச்சு, இது ஆவல" என்று விரல் வைத்து என்னிடம் கணக்குக் கேட்கிறார்.

வெற்றுப் படிவத்தின் நகல் 50 கொண்டு வந்திருக்கிறேன். பின்னால் மேசையில் இருக்கிறது. உங்கள் இரவுப் பாடசாலையில் எந்தப் பிள்ளையை மக்கு என்று ஊர் சொல்கிறதோ, அந்தப் பிள்ளை வீட்டுக்கு இந்த வாரமே ஒருவர் போங்கள், சாயந்திரமாகப் போங்கள். முதலில் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் அம்மாவிடம் படிவத்தைக் கொடுத்து, அவங்க படிக்கிற வரைக்கும் காத்திருங்கள். படிக்கத் தெரியாதென்றால் கடைசிப் பக்கம் வரை நீங்கள் படித்துக் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், நான் கடைசி பஸ்ஸுக்குத்தான் போகிறேன்.